மூன்றாவது தடவை கூப்பிடவில்லை

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்ப்பாய். அந்த டக் டக் சத்தம் எனக்குக் கேட்காது என்று உனக்கு நினைப்பு. அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். மருமகளும் படிக்கட்டும், மறைக்க ஒன்றும் இல்லை. வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற எந்தத் தாய்க்கும் இது புரியும். அடுத்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் ஜவ்வாது மலை உச்சியிலிருந்து கடற்கரை வரைக்கும் நடக்கக் கிளம்புகிறீர்கள். போன மார்கழியில் நானும் உன் அப்பாவும் நடந்த அதே வழி. அந்த மலையில் முதல் நாள் காலையில் நடந்த ஒன்றை நாங்கள் உன்னிடம் சொல்லவே இல்லை. அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பிவிட்டு என்னால் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன முடியாது.

அந்த நடையை எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவனே நீதான். அப்பாவுக்கு அறுபது நிறைந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் கோயிலில் வைத்து மறுபடி தாலி கட்டச் சொன்னார்கள். நீ மட்டும், "இத்தனை வருஷமா தறிக்குழியில காலத் தொங்கப்போட்டே உக்காந்துட்டீங்க, கொஞ்சம் நடங்கப்பா" என்றாய். மலையிலிருந்து செய்யாற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கி, பாலாற்றில் சேர்ந்து, கடலில் போய் முடிகிற வழி. கூட ஆள் வராது. போனில் ஒரு நீலக்கோடு, பாறைகளில் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி, ராத்திரி தங்க அங்கங்கே ஒரு வீடு. அப்பா அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். "கூட்டிக்கினு போறதுக்கு ஆள் கிடையாதாம். நம்ம பை மட்டும் வேன்ல சொகுசா முன்னாடி போவுமாம். இன்னாடா இது, பைக்கு இருக்குற மரியாத மனுசனுக்கு இல்ல." ஆனாலும் தெரு முழுக்கப் போய், மகன் அனுப்புகிறான் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். பிள்ளையார்பாளையத்தில் அந்த வாரம் எங்கள் கால்களைப் பற்றித்தான் பேச்சு.

மேலே சொல்வதற்கு முன் நம் வீட்டுத் தறிப்பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. உனக்குத் தெரிந்ததுதான், மருமகளுக்குத் தெரியாது. கோர்வைச் சேலையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். நெய்கிறவர் நடுவில் உட்கார்ந்து, ஊடு நூல் சுற்றின நாடாவைக் குறுக்கே போட்டுக்கொண்டே வருவார். ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஓரம் என்னுடையது. நான் கொஞ்சம் அசந்தால் அப்பா "வாங்கு" என்பார். வாங்கியதும் நான் "ஆச்சு" என்பேன். மற்ற வீடுகளில் என்ன சொல்வார்களோ, நம் வீட்டில் அதுதான். தொற்றுக் காலத்தில் நீ வீட்டோடு இருந்தபோது அப்பா காய்ச்சலில் படுத்துவிட, நடு இடத்தில் நீ உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர் வேலையை முடித்துவிட்டு வந்து எனக்காக நெய்தாய். நெய்த லட்சணத்தைப் பற்றி இப்போது வேண்டாம். ஆனால் நீ கூப்பிடுகிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. வெறும் "வாங்கு" இல்லை. "ம்மா... வாங்கூ" என்று கடைசியில் ஒரு இழுப்பு. அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

மலையில் அன்று காலையில் கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை. பனி என்று சொன்னால் உனக்கு நம் ஊர் மார்கழிப் பனிதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. கையை நீட்டினால் விரல் மங்கிப் போகிறது. கொஞ்சம் விலகட்டும் என்று பார்த்தோம், விலகவில்லை. பை வேனில் போய்விட்டதால் நாங்களும் போய்த்தான் தீர வேண்டும். இங்கே ஒரு புத்தி சொல்கிறேன்: மாற்றுத்துணியையும் மாத்திரையையும் வேனை நம்பிக் கொடுக்காதீர்கள், முதுகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கட்டைவிரல் நகம் ஷூவில் முட்டிப் புண்ணாகும், முந்தின நாளே வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் யார் மெதுவாக நடக்கிறார்களோ அவர்களை முன்னால் விடுங்கள். உன் அப்பா அதைச் செய்யவில்லை. அவர் முன்னால் போனார், நான் பின்னால். ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் மண்மேடு, வலது பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஆளைக் கூப்பிட வேறு என்ன வழி? அவர் முன்னாலிருந்து "வாங்கு" என்பார், நான் "ஆச்சு" என்பேன். தறியில் உட்கார்ந்த மாதிரியே நடந்தோம். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைகிற இடம். பாறையில் மஞ்சள் அம்பு பாதி அழிந்திருக்கும், நீ பார்த்தால் தெரிந்துகொள்வாய். அங்கே பாதையின் வெளி ஓரம் பொலபொலவென்று இருந்தது. நான் பாறையோடு ஒட்டிக்கொண்டு வளைவைத் தாண்டினேன். தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன். கூப்பிடுகிற சத்தம் கேட்டது. முன்னாலிருந்து இல்லை, பின்னாலிருந்து. நாங்கள் வந்த வழியிலிருந்து.

"ம்மா... வாங்கூ."

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. தறியில் பழகின வாய், யோசிக்காது. "ஆ" என்ற முதல் எழுத்தும் வந்துவிட்டது. அதற்குள் பனிக்குள்ளிருந்து அப்பா திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சில்லிட்டிருந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது என்று அந்தப் பிடியிலேயே தெரிந்துவிட்டது. "வாயத் தொறக்காத," என்றார். "மூணாவது தடவ கூப்புடட்டும், பாத்துக்கலாம்."

இது நம் தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆள் தெரியாமல் குரல் மட்டும் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மனுஷன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். நீ சின்ன வயதில், வாசலில் பால்காரர் கூப்பிடும்போதுகூட மூன்று தடவை ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்து பால் இல்லாமல் செய்திருக்கிறாய். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். பனிக்குள் யாரோ தும்மினார்கள். பெண் தும்மல். அடுத்தடுத்து மூன்று. மூன்றாவது முடிந்ததும் மெல்லிசாக "போச்சுடா" என்று ஒரு முனகல். சலிப்பாகச் சொன்ன மாதிரி இருந்தது, பயந்து சொன்ன மாதிரி இல்லை. பிறகு மறுபடியும் நீ. "ம்மா... வாங்கூ." இந்தத் தடவை இழுப்பு நீளமாக இருந்தது. எங்கிருந்தோ ஒரு கல் பெயர்ந்து சரிவில் உருண்டது. உருண்டு போகிற சத்தம் கேட்டதே தவிர, விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவைக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான். அப்பா என் கையை விடாமல் இழுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்க்க என்னை விடவில்லை.

பனிக்குக் கீழே முதலில் வந்தது ஒரு டீக்கடை. ஓலைக் கூரை, ஒரு பெஞ்சு, அடுப்பில் ஒரு பாத்திரம். கடை வைத்திருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் நாலு டம்ளரை எடுத்துக் கழுவினார். "ரெண்டு போதும்மா," என்றேன். அவர் எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"பின்னால வந்த ரெண்டு பேரு எங்கம்மா?"

"யாரும் வரலியே."

"ஒரு பொண்ணு தும்முச்சே. காலைல சத்தம் நல்லா இறங்குமே. உங்க பிள்ளைங்கன்னு நெனச்சேன்."

அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டார். எனக்குப் போனில் சிக்னல் வருகிறவரைக்கும் கால் நிற்கவில்லை. வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஆபீஸில் இருந்தாய். "மீட்டிங்ல இருக்கேம்மா, எல்லாம் நல்லா போவுதா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்றாய். காற்று என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்பாவிடம், "அவன் நல்லா இருக்கான்," என்றேன். "நல்லா இல்லாம? அது அவன் இல்ல, அவ்ளோதான்," என்றார். அத்தோடு அந்தப் பேச்சை மூட்டை கட்டிவிட்டோம். உயிரோடு இருக்கிறவன் குரலில் வேறு ஏதாவது கூப்பிட்டால் அதைப் பேசப் பேசத்தான் அது பெரிதாகும் என்பது அவர் கணக்கு.

பேசவில்லையே தவிர, மறக்கவும் இல்லை. சாமை வயல்களைத் தாண்டி, பலாத் தோப்புகளைத் தாண்டி, ஆற்றில் இறங்கினோம். செய்யாற்றில் தண்ணீர் ஓரத்தில் ஒரு கோடாக ஓடியது, மற்றதெல்லாம் மணல். மணலில் நடந்தால் உன் காலடிச் சத்தம் உனக்கே கேட்காது. பட்டப்பகலில், சுற்றி ஒரு ஆள் இல்லாத இடத்தில், அப்பா முன்னால் போய்க்கொண்டே அடிக்கடி நிற்பார். தண்ணீர் பாட்டிலைத் திறப்பது போலப் பாசாங்கு செய்வார். காது மட்டும் பின்னால் இருக்கும். மூன்றாவது தடவைக்குத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். அது வந்துவிட்டால் தேவலை என்று நான் அழாத குறை. ஒரு ஊர்ப் பாலத்தடியில் ஏறினால் காஞ்சிபுரம் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. "வீட்டுக்குப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாமா?" என்றார். கால் வலியில் எனக்கும் ஆசைதான். ஆனால் வேண்டாம் என்றேன். பின்னால் ஏதாவது வந்துகொண்டிருந்தால் அதற்கு வீட்டு வழியைக் காட்டக் கூடாது. அவர் திரும்பி மணலில் இறங்கிவிட்டார்.

கடலுக்குப் போனபோது மத்தியானம். ஆறு கடலில் விழும் என்று நினைத்திருந்தேன். அது மணல்மேட்டுக்குப் பின்னால் குட்டையாகத் தேங்கி நின்றது. நீ கேட்ட போட்டோவை எடுத்து அனுப்பினோம். அதில் நான் வாயைத் திறந்தபடி இருக்கிறேன் என்று நீ கிண்டல் செய்தாயே, அப்போது நான் அலையைப் பார்த்து "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாள் கழித்துச் சொல்கிற பதில். யாருக்குச் சொன்னேன் என்று கேட்காதே. தொண்டையில் நின்றதை வெளியே விட்டால் சரியாகிவிடும் என்று பார்த்தேன், ஆகவில்லை.

பிறகு சித்திரையில் நீ அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். பெயர் சொல்லி, வேலை சொல்லி, "பிடிச்சிருக்குதாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்தாய். எனக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேசரியைக் கையில் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்தெருச் சாயப்பட்டறையில் கொதிக்கிற அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அந்த ஆவி நம் வீட்டுக்குள் வந்தது. அவள் தும்மினாள். அடுத்தடுத்து மூன்று. மூன்றாவது முடிந்ததும் கேசரித் தட்டைப் பார்த்து மெல்லிசாக "போச்சுடா" என்றாள். நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் கையில் இருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. உனக்குக் கல்யாணம் கூடிவந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தாய். சந்தோஷமும்தான், கண்ணு. ஆனால் நாங்கள் மலையில் கேட்டது நடந்துபோன எதுவும் இல்லை, இனிமேல் நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வேறு எங்காவது போவீர்கள், அந்த மலைப் பக்கமே போக மாட்டீர்கள் என்று இருந்தேன். போன வாரம் நீ போன் செய்து, அதே வழி, அதே மார்கழி, எல்லாம் போட்டாகிவிட்டது என்றாய். "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி எங்களுக்கும் பிடிக்கும்மா" என்றாய். எனக்குப் பிடித்தது என்று எப்போது சொன்னேன்? கேட்டதற்கு "நல்லா இருந்துச்சு" என்று சொன்னேன், அவ்வளவுதான். இரண்டு நாள் தறியில் உட்கார்ந்தேனே தவிர கரையில் இழை இழையாகத் தப்பு விட்டேன். உன் அப்பா திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

நேற்றுக் காலையில் நெய்துகொண்டிருக்கும்போது அவர் "வாங்கு" என்றார். நான் எங்கேயோ இருந்தேன். மறுபடியும் "வாங்கு" என்றார். நாடாவை வாங்கி, "ஆச்சு" என்றேன். அவர் அடுத்த நாடாவைப் போடவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க?"

"இப்ப நான் ஏன் மூணாவது தடவ கூப்புடல?"

"நான்தான் வாங்கிட்டேனே."

"அதான்," என்றார். "நம்ம பையன் ரெண்டாவது தடவையோட ஏன் நிறுத்தினான்? விழுந்துட்டான்னே நெனச்சிக்கினு இருக்குறோம். நீ பதில் குடுத்திருப்ப. அதனால நிறுத்திட்டான். வேற இன்னா?"

நான் கரை நாடாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ கூப்பிட்டது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. பதில் எங்கள் காதில் விழவில்லை. எப்படி விழும்? பதில் சொல்ல வேண்டியவள் அப்போது கையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றாளே. அன்றைக்கு மூடியது போகட்டும். நீ கூப்பிடப்போவது இனிமேல்தான்.

அதனால் போகாதே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீ கேட்க மாட்டாய். ஒருவேளை என் அழுகைக்காகக் கேட்டாலும், பிறகு உன் ஆயுசு முழுக்க எந்தப் படிக்கட்டு, எந்த ரோடு என்று பயந்துகொண்டிருப்பேன். இந்தப் பாறையாவது எனக்குத் தெரியும். அப்பா முதலாளியிடம் சொல்லிவிட்டார், சேலை ஒரு வாரம் தாமதமாகும் என்று. காரணம் கேட்டதற்கு, "மலைக்குப் போறோம், இன்னொரு தடவ" என்றாராம். நீங்கள் ஏறுவதற்கு முன்பே நாங்கள் ஏறிவிடுவோம். டீக்கடை அம்மா வீட்டில் படுக்க இடம் கிடைக்கும். விடிந்ததும் மேலே போய், அந்த வளைவுக்குக் கீழ்ப்பக்கம் பாறையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வோம். அப்பா ஒரு நீளக் கயிறு வாங்கி வைத்திருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பெண்டாட்டியோடு தனியாகப் போகிற இடத்தில் அம்மா அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும். வளைவு தாண்டியதும் நாங்கள் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம், கடல் வரைக்கும் உங்கள் பாடு. பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு பொம்பளைக் குரல் வந்தால் அவள் பயந்துவிடப் போகிறாள். பேய் இல்லை, மாமியார்தான் என்று முன்னாலேயே சொல்லி வை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பாறைக்கு வந்ததும், கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வெட்கப்படாமல் என்னைக் கூப்பிடு. முதல் தடவை காற்றில் எனக்குக் கேட்காமல் போகலாம். நீ நகராமல் நின்று இன்னொரு தடவை கூப்பிடு. அதற்கு நான் பதில் சொல்லிவிடுவேன்.